பாலாடைக்கட்டிக்கு மட்டும் பேர் உண்டு

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று மரக்காணத்தில் ஒரு வதந்தி உண்டு. பரப்பியவன் நானே. புதுச்சேரியில் ஆறு மாதம் மாலை வகுப்புக்குப் போய், தேர்வுக்கு முந்தின வாரம் அம்மை போட்டுவிட்டதாகச் சொல்லி நின்றுகொண்டவன் நான். ஆனாலும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பக்கம் தாண்டிவிடுவேன்.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, இடையஞ்சாவடிப் பக்கம் வீட்டைக் காலி செய்த ஒரு வெள்ளைக்காரர் தன் பழைய சாமான்களை வாசலில் பரப்பியிருந்தார். கொசுவலைக்கும் உடைந்த மிக்சிக்கும் நடுவில் அந்தப் பத்திரிகை கிடந்தது. பிரெஞ்சுப் பண்பாடு, கலை, பயணம் எல்லாவற்றையும் வழவழப்பான தாளில் அச்சடித்த பத்திரிகை. வயது ஏறக்குறைய என் வயதுதான், நாற்பது இருக்கும், என்னைவிடப் பளபளப்பாக இருந்தது. வாங்கி வந்து புரட்டினால், நடுவில் முழுப்பக்கத்துக்கு எங்கள் ஊர் உப்பளம். வெள்ளைப் பாத்தியின் மத்தியில் தலையில் கூடையோடு ஓர் இளம்பெண். படத்தின் அடியில், உப்பின்மேலேயே, இரண்டு வரி அச்சாகியிருந்தது. இரண்டு ஞாயிறுகள் செலவழித்து அதைப் பெயர்த்தேன்: ‘மரக்காணம். உப்புக் கடற்கரையின் மௌன மலர்.’

எதிர்ப்பக்கத்தில் ஒரு பாலாடைக்கட்டி. அதற்குப் பேர் இருந்தது. அது பிறந்த கிராமத்துக்குப் பேர் இருந்தது. செய்தவருக்கு, செய்தவரின் அப்பாவுக்கு, பால் கொடுத்த மாட்டின் சாதிக்குப் பேர் இருந்தது. அந்த மாடு எந்த மலையில் என்ன புல் தின்றது என்பதுவரை எழுதியிருந்தான். எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு மட்டும் பேர் இல்லை. அவள் மலராம், அதுவும் மௌனமாம். எங்கள் உப்பளத்துப் பெண்களை ஒரு நிமிஷம் கேட்டவன் யாரும் ‘மௌனம்’ என்ற சொல்லைப் பக்கத்தில்கூடக் கொண்டுவர மாட்டான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. வானூர் தாலுகா ஆபீசில் கோப்பு நகர்த்துகிறவனுக்கு ரத்தம் கொதித்தால் என்ன ஆகும்? கடிதம் எழுதுவான். எழுதினேன். நான்கு பக்கம். பத்திரிகை இன்னும் நடக்கிறதா என்பதுகூடத் தெரியாமல், அந்தப் பெண்ணின் பேரை உடனே அச்சிட வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பேர் எனக்குத் தெரியுமா? தெரியாது. விசாரித்தேனா? அதுவும் இல்லை.

ஆத்திரம் அப்போதும் தீரவில்லை. புதுச்சேரிக்குப் போய் அந்தப் படத்தைப் பெரிதாகக் கலர் ஜெராக்ஸ் போட்டு, லேமினேஷன் செய்து, உப்பளத்துக்காரர்கள் விடியற்காலையில் கூடும் டீக்கடையில் மாட்டினேன். ஊரே என்னோடு சேர்ந்து கொதிக்கும் என்பது என் கணக்கு. அவமானமான அந்த இரண்டு வரி யார் கண்ணிலும் படக்கூடாதென்று, அடிப்பகுதியை மட்டும் ஜெராக்ஸ் கடைக்காரனிடம் சொல்லி முன்பே வெட்டியிருந்தேன்.

“இன்னா சார், சாமி படமா?” என்றார் டீக்கடைக்காரர்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து ஒருவன் சிரித்தான். “யாருப்பா இவ? உப்பு வாராத பாத்தி நடுவுல போயி நிக்கிறா!”

எழுபதைத் தாண்டியும் வேலையை விடாத மேஸ்திரி கிளாஸைக் கீழே வைத்தார். “வேற யாரு? பாத்தி மிதிச்சவதான்.”

கடையே சிரித்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. உப்பு பூத்துக் கிடக்கும் பாத்தியில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். வரப்பில் நின்றபடியேதான் நீளக் கம்பில் கட்டிய பலகையால் உப்பை இழுத்து வாருவார்கள். கால் பட்டால் அடிச் சேறு கலங்கி உப்பு கறுத்துப்போகும். பிறந்ததிலிருந்து உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த நான், மூன்று வாரம் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கொதித்தும், இது கண்ணில் படவில்லை. பத்திரிகைக்காரனுக்கு அவள் மலர், எனக்கு அவள் ஒரு கடிதத்துக்கான காரணம். அவள் எங்கே நிற்கிறாள் என்று நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

மறுநாள் காலை படத்தில் இருந்த அந்த அம்மாவே வந்துவிட்டார். வயது அறுபது இருக்கும். கூடையும் சும்மாட்டுத் துணியும் கையில்.

“யார்ரா என்னைக் கட்டித் தொங்கவுட்டது?”

எல்லாரும் என்னைக் காட்டினார்கள், தயக்கமே இல்லாமல்.

“நீயா சார்? படிச்சவன் பண்ற வேலையா இது?” என்றவர் படத்தருகே போய் உற்றுப் பார்த்தார். “கால் எங்க?”

“எந்தக் கால்மா?”

“என் காலு. முழங்காலோட நிக்குது பாரு.”

“கீழ உங்களைக் கேவலமா எழுதியிருந்தான்மா. உங்களுக்காகத்தான் வெட்டினேன்.”

“எனக்காக என் காலை வெட்டினியா?”

நான் கண்டித்து எழுதிய நான்கு பக்கத்துக்கும் சேர்த்து அந்த ஒரு கேள்வி போதும். பிறகு அவர் சொன்னார், எனக்கல்ல, கடை முழுவதற்கும். அன்றைக்கு மேஸ்திரி சாப்பிடப் போயிருந்த நேரம். கேமராவோடு வந்த வெள்ளைக்காரன் சைகை காட்டி நடுவில் நிற்கச் சொன்னான். மாட்டேன் என்று தலையாட்டியதற்கு, அவனே உள்ளே இறங்கி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்திவிட்டுத் திரும்பினான். அவன் போனதும் பயந்துபோய், தடம் தெரியாமல் இருக்கப் பாத்தியை அவசரமாக வாரிவிட்டார். வாரிய உப்பு கறுப்பாக வந்தது. அவர் சொன்னதை மேஸ்திரி நம்பவில்லை. அன்றிலிருந்து கூடை சுமக்கும் வேலை மட்டும்தான். பலகையைத் தொடவே விடவில்லை. ‘பாத்தி மிதிச்சவ’ என்ற பட்டப்பேர் வேறு.

“வெள்ளைக்காரன் மேல பழி போட்டா எவன் போய் கேக்கப்போறான்னு கட்டுன கதை,” என்றார் மேஸ்திரி, டீயை ஊதிக்கொண்டே.

வீட்டுக்கு ஓடினேன். வாழ்க்கையில் இரண்டாவது முறை ஓடியிருப்பேன். முதல் முறை சுனாமி அன்று. பத்திரிகையைக் கொண்டுவந்து மேஸ்திரி முன்னால் விரித்தேன். நான் வெட்டி எறிந்த பகுதி அதில் முழுசாக இருந்தது. ‘மௌன மலர்’ என்ற எழுத்துக்கடியில், வெள்ளை உப்பில் ஜோட்டுத் தடங்கள். பூட்ஸின் குதிகாலோடு, அழுத்தமாக. அவளிடம் போய்த் திரும்பி வந்திருந்தன. பக்கத்தில் வெறுங்கால் தடம், போனது மட்டும்.

மேஸ்திரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடி துடைத்தார். உப்பளத்தில் எவனும் ஜோடு போட்டு இறங்குவதில்லை.

“ஜோடுதான்,” என்றார் கடைசியில். பிறகு, “அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னேன்யா. நாப்பது வருசமா அதத்தானே சொல்றேன்!”

யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியைக் கெடுக்க ஒரு முட்டாள் வேண்டுமே, நான் இருந்தேன். “கவலப்படாதீங்கம்மா. உங்க பேரப் போடச் சொல்லிக் காட்டமா லெட்டர் எழுதியிருக்கேன்.”

“என் பேரு எதுக்கு? மிதிச்சவன் பேரப் போடச் சொல்லு.”

படம் எடுத்தவன் பேர் ஏற்கெனவே இருந்தது. பக்கத்தின் ஓரத்தில், செங்குத்தாக, எறும்பு அளவு எழுத்தில். அவனுக்கும் பேர் உண்டு, பாலாடைக்கட்டியைப் போலவே. படித்துக் காட்டினேன்.

“சத்தமாப் படி சார்.”

மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் என் உச்சரிப்பு முந்தினதைவிடக் கேவலமாக இருந்தது. இப்படித்தான் என் பிரெஞ்சு வதந்தியும் முடிவுக்கு வந்தது.

அந்த அம்மா மேஸ்திரி பக்கம் திரும்பினார். “நாளைக்குக் காலைல எனக்குப் பலகை குடு.”

“வயசாயிடுச்சே உனக்கு.”

“உனக்கு ஆவலியா? நீ எங்கள மேய்க்கலியா?”

மேஸ்திரி டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார். கொடுப்பாரா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு உப்பளத்துக்குப் போனேன். அவர் வரப்பில் நின்றிருந்தார், கையில் பலகை. மேஸ்திரி பத்தடி தள்ளி, வேறெங்கோ பார்ப்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பலகை பாத்தியின் அக்கரைவரை போய், ஓசையில்லாமல் உப்பை இழுத்துக்கொண்டு திரும்பியது. வெள்ளை உப்பு. ஒரு பொட்டுச் சேறு இல்லை.

நன்றாகப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில் இரண்டடி முன்னால் போனேன்.

“சார், காலு!”

குனிந்து பார்த்தேன். என் வலது செருப்பு பாத்தியின்மேல் அந்தரத்தில் நின்றது.