நான் போட்ட எண்பத்து நான்கு

நாற்பத்தாறு வயதாகிறது எனக்கு. கருங்கல் சந்தைப் பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிறேன். வலது முட்டு போனபிறகு பதினைந்து வருடமாகப் பந்தைக் காலால் தொட்டதில்லை. இப்படிப்பட்ட ஆள் கடைக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கால்பந்து மேலாளராக ஆட்சி நடத்திக்கொண்டிருந்தான் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு வெட்கம் அதைப் பற்றியதல்ல.

அந்த விளையாட்டில் நாம் பந்தை உதைப்பதில்லை. அணியை நடத்துகிறோம். யாரை இறக்குவது, யாரை வெளியே உட்காரவைப்பது, யாருக்கு என்ன பயிற்சி கொடுப்பது எல்லாம் நம் கையில். கோப்பை வாங்குவதைவிட எனக்கு அதில் பிடித்தது சின்னப் பிள்ளைகளை வளர்ப்பதுதான். பதினாறு வயதில் ஒன்றுமில்லாமல் வருகிற ஒருவனைப் பொறுக்கியெடுத்து, சின்ன அணிக்கு அனுப்பி ஆடவிட்டு, திரும்பக் கூப்பிட்டு, இருபத்திரண்டு வயதில் பெரிய ஆளாக்கிவிடுவேன். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். எனக்கு முளைக்கும் முன்பே தெரியும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வேன். உடைந்த டிஸ்பிளேயோடு வந்தவர்கள் பாவம், பாதி ஆட்டம் முடியும்வரை காத்துக்கிடப்பார்கள்.

வீடு கடற்கரையில். கோயிலுக்குப் பின்னால் மணல் மைதானம், அதற்கும் கடலுக்கும் நடுவில் ஒரு கல்சுவர். எங்கள் ஊர்த் திருவிழாவில் வெடிக்கட்டு இல்லையென்றால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். பந்தாட்டம் இல்லையென்றால் சர்ச்சின் பங்குப்பேரவைக் கூட்டத்தில் நாற்காலி பறக்கும். அப்படிப்பட்ட ஊர் அந்த விளையாட்டுக்குள் இல்லையே என்பது எனக்குத் தீராத குறையாக இருந்தது. விளையாட்டோடு எடிட்டர் என்று ஒன்று வரும். அதைத் திறந்து புதிய அணிகளை, புதிய ஆட்களைச் சேர்க்கலாம். கடையில் ஆள் வராத ஒரு மழைக்காலத்தில் நான் அந்த வேலையில் இறங்கினேன். இந்தியாவின் கடைசிப் பிரிவில் எங்கள் ஊர்க் கிளப் வந்தது. மைதானத்தில் ஆடுகிற இருபத்திரண்டு பையன்களும் வந்தார்கள். ஓட்டத்துக்கு எத்தனை, பாஸுக்கு எத்தனை, தலையால் அடிப்பதற்கு எத்தனை என்று ஒவ்வொருவனுக்கும் யோசித்து யோசித்து மார்க் போட்டேன். கடைசியில் கிளப்பின் பயிற்சியாளனாக என்னையும் சேர்த்துக்கொண்டேன். ‘இளம் ஆட்டக்காரர்களை மதிப்பிடும் திறன்’ என்ற இடத்தில் எனக்கு நானே இருபதுக்கு இருபது கொடுத்துக்கொண்டேன். அப்போது கை கூசவில்லை.

எடிட்டரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றில் அவருடைய இப்போதைய திறன், மற்றதில் அவர் எட்டக்கூடிய உச்சம். இருநூறுதான் கடைசி அளவு. ஆடும்போது இந்த இரண்டாவது எண் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அதைத் தாண்டி ஒருவரும் வளர முடியாது. எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அதுதான் கூரை.

பையன்களையெல்லாம் முடித்தபிறகு எனக்கு அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். என்னோடு சேர்ந்து பந்தாடியவனின் மகள். அவன் என்னை மச்சான் என்பான், அவள் மாமா என்பாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூட அணியில் இடது ஓரத்தில் ஆடுவாள். பயல்கள் அணியில் ஆள் குறைந்தால் மணலில் இவளைத்தான் கூப்பிடுவார்கள். என்னிடமிருந்த பழைய பதிப்பில் பெண்கள் அணி கிடையாது. அதனால் ஆண்கள் அணியிலேயே அவள் பெயரைச் சேர்க்கப்போகிறேன் என்றேன்.

"மீச வரஞ்சி வைப்பமா மாமா?" என்று கடையில் நின்ற பயல் ஒருவன் கேட்டான்.

"லேய், உனக்கு பந்தோட அவள வெட்டிச்சிப் போவ முடியுமாலே? போ அந்தால" என்று அவனை விரட்டினேன். அன்று என்னைப் போல ஒரு நியாயவான் ஏழு கடற்கரையிலும் கிடையாது என்று எனக்கே தோன்றியது.

அவளுக்கு முதல் கட்டத்தில் எண்பத்து நான்கு போட்டேன். அந்த வயதுப் பயல்கள் எவனுக்கும் நான் அவ்வளவு போடவில்லை. அது உண்மையும்கூட. இரண்டாவது கட்டத்துக்கு வந்தபோது ஒரு நிமிடம் நிறுத்தினேன். பிளஸ் டூ முடிப்பாள், பிறகு ஒரு காலேஜ், பிறகு கல்யாணம். மிஞ்சிப்போனால் இரண்டு வருடம் ஆடுவாள் என்று மனதுக்குள் ஓடியது. அங்கேயும் எண்பத்து நான்கு என்று அடித்தேன். பயிற்சிக்கே ஒழுங்காக வராத ஒரு தடியனுக்கு, அவன் அப்பன் நன்றாக ஆடுவான் என்ற ஒரே காரணத்துக்காக, அதே கட்டத்தில் நூற்றைம்பத்தைந்து கொடுத்திருந்தேன். இரண்டுக்கும் நடுவில் எனக்கு எந்த வித்தியாசமும் உறைக்கவில்லை.

கோப்பு ஊரெல்லாம் பரவியது. பென்டிரைவில் வாங்கிப்போய் ஆளுக்கு ஆள் ஆடினார்கள். தங்கள் பெயரைத் தாங்களே பார்த்துக் குதித்தார்கள். அவளும் அண்ணனின் லேப்டாப்பில் ஆடத் தொடங்கினாள். அவள் அம்மா ஒருநாள் ஒரு சட்டி நிறையக் கணவாய் மீன் கூட்டு கொடுத்துவிட்டாள். "எனக்க மோளையும் மறக்காம சேத்தியளே" என்று சொல்லியனுப்பியிருந்தாள். நான் விரலை நக்கிக்கொண்டு தின்றேன்.

ஒரு வருடம் கழித்து அவள் கடைக்கு வந்தாள். கையில் ஒரு நீள நோட்டு. பதினான்கு சீசன் ஆடியிருந்தாள். ஒவ்வொரு சீசனிலும் யாருக்கு என்ன பயிற்சி, எத்தனை ஆட்டம், என்ன காயம் என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். நான் இத்தனை வருடம் ஆடியும் இந்த அளவுக்குக் கவனமாக ஒருவரையும் வளர்த்ததில்லை. அவள் வளர்த்துக்கொண்டிருந்தது தன்னைத்தான். விளையாட்டுக்குள் அவளுக்கு முப்பது வயதாகியிருந்தது.

"மாமா, ஒரு சந்தேகம். பயிற்சிக்கே வராத பய வெளிநாட்டுக்கெல்லாம் போயிட்டான். நான் மட்டும் பதினாறு வயசுல நின்ன எடத்துலயே நிக்கேன். எல்லா மாதிரியும் செஞ்சி பாத்துட்டேன். நான் குடுக்க பயிற்சில என்ன தப்பு?"

நோட்டைப் புரட்டினேன். ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னிடம் இருந்தது. அதைச் சொல்லியிருக்க வேண்டும். மன்னிச்சிடு மக்கா, நான்தான் அந்தக் கட்டத்தை அடைத்துவிட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்? ஒரு சிம் கார்டு போடுகிற நேரம்கூட ஆகியிருக்காது.

"கேம்தானே மக்கா" என்றேன். "சிலருக்கு அப்பிடித்தான் அமையும். என்ன செய்தாலும் வராது."

அவள் என் கையிலிருந்து நோட்டை வாங்கினாள். மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் பஸ் ஏறியதும் நான் எடிட்டரைத் திறந்து, இரண்டாவது கட்டத்தில் நூற்றைம்பது என்று மாற்றிச் சேமித்தேன். ஆடிக்கொண்டிருக்கிற ஆட்டத்தில் அது ஏறாது. புதுக்கோப்பை வைத்து முதலிலிருந்து தொடங்கினால்தான் ஏறும். அதை அவளிடம் கொடுத்தால் ஏன் மாற்றினாய் என்று கேட்பாள். அதனால் கொடுக்கவில்லை. என் கம்ப்யூட்டருக்குள் மாற்றிவிட்டதே போதும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இவ்வளவு கேவலமான சமாதானத்தை வேறு எவனும் செய்திருக்கமாட்டான்.

அவள் பிளஸ் டூ முடித்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் அப்பன் என் வீட்டுக்கு வந்தான். ஆழ்கடல் போட்டில் போகிறவன். போனால் கரை வர இருபது இருபத்தைந்து நாள் ஆகும். அவளும் கூட வந்திருந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் என் பைக்கில் சாய்ந்து நின்றாள்.

"மச்சான், ஒரு காரியம் கேக்கணும்" என்று அவன் தொடங்கினான். "மோளுக்கு திருச்சில ஒரு காலேஜுல எடம் குடுக்காவ. ஹாஸ்டலு, சாப்பாடு எல்லாம் அவிய பாத்துக்கிடுவினும். பந்து களிக்கணும், அவ்வளவுதான். நான் கடல்ல கெடக்கவன். பிள்ளைய அவ்வளவு தூரம் விட வெப்ராளமா இருக்கு. நீ பந்து அறிஞ்ச ஆளு. உள்ளதச் சொல்லு. அவ பெருசா வருவாளா?"

ஊரில் வேறு யாரிடமும் அவன் இதைக் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டான். நான் போகட்டும் என்றால் அனுப்புவான், வேண்டாம் என்றால் அனுப்பமாட்டான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என் வாய் பழைய பாதையிலேயே போயிற்று.

"நல்லாத்தான் களிக்கா மச்சான். ஆனா இதுக்கு மேல என்னத்த வரப்போவுது? ரெண்டு வருசம் ஓடுவா. பெறவு கெட்டிக் குடுக்கணும்லா. இங்கன பக்கத்துலயே சேத்து விடு. பஸ்ஸுல போய்ட்டு வரட்டும்."

"எண்பத்தி நாலு" என்றாள் அவள் வாசலிலிருந்து.

"என்னதுட்டி?" என்று அவன் திரும்பினான்.

"மாமா இத ரெண்டு வருசத்துக்கு முன்னயே எழுதி வச்சிட்டாவப்பா. எங்கூட களிக்க பிள்ளையளையும் கேமுல சேக்கலாம்னு போன மாசம் எடிட்டரத் தெறந்தேன். அதுல எல்லாருக்கும் ரெண்டு கட்டம் இருக்கு. இப்பம் எவ்வளவு, இனி எதுவரைக்கும் போவும்னு. பயலுவளுக்கெல்லாம் நூத்திமுப்பது, நூத்தம்பதுன்னு கெடக்கு. எனக்கு மட்டும் ரெண்டுலயும் எண்பத்தி நாலு."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அது எப்பிடி மாமா கணக்குப் பண்ணினிய?"

கேலியாகக் கேட்கவில்லை. நோட்டோடு வந்து சந்தேகம் கேட்டாளே, அதே முகம். கணக்கு என்று ஒன்று இருந்திருந்தால் அதைத் தெரிந்துகொள்ள விரும்பினாள்.

"கை தவறி விழுந்துட்டு மக்கா" என்றேன். அவளிடம் சொன்ன இரண்டாவது பொய்.

"மத்த இருவத்திரெண்டு பேருக்கும் தவறலியே" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என் மனைவி டீ கொண்டுவந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, எடிட்டர் தெரியாது. ஆனால் விஷயம் அவனுக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. டீயை வாங்கவில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

"நாங்க வலைய எறியும்போ உள்ள கெடக்க மீன எண்ணிட்டா மச்சான் எறியுதோம்?" என்றான். "உனக்க வாயில இருந்து நல்லதா ஒரு வாக்கு வரும்னு வந்தேன். கொள்ளாம், ரெம்ப நல்லாருக்கு."

அவர்கள் போய்விட்டார்கள். ஜூன் மாதம் அவள் திருச்சிக்குப் போனாள். நாகர்கோவிலில் ரயில் ஏற்றிவிட அவள் அப்பன் ஒரு போட்டுப் பயணத்தையே விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் நேராக யாரும் வந்து சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடத்தில் நானும் இல்லை.

அவள் போய் ஒரு வாரம் கழித்து அவள் அண்ணன் போனுக்கு கிளாஸ் ஒட்டக் கடைக்கு வந்தான். "தங்கச்சி குடுக்கச் சொன்னா" என்று ஒரு பென்டிரைவை மேசையில் வைத்தான். அதில் ஊர்க் கிளப்பின் கோப்பு இருந்தது. அவன் போனபிறகு எடிட்டரில் திறந்தேன். அவளோடு ஆடுகிற பதினைந்து பெண்களும் உள்ளே வந்திருந்தார்கள். ஓட்டம், பாஸ் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தாள். ஒருத்திக்குக்கூட அள்ளிக் கொடுக்கவில்லை. ஆனால் இரண்டாவது கட்டத்தை எல்லாருக்கும் வெறுமையாக விட்டிருந்தாள். தனக்கும்தான், பயல்களுக்கும்தான். அப்படி விட்டால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் விளையாட்டே புதிதாக ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளும். அப்படி விடலாம் என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

கடைசியாக என் பெயரைத் திறந்தேன். வயது, ஊர், பொறுப்பு எதையும் அவள் தொடவில்லை. ஒரே ஒரு இடத்தில் கைவைத்திருந்தாள். இளம் ஆட்டக்காரர்களை மதிப்பிடும் திறன் என்ற இடத்தில் இருபது இல்லை. ஆறு இருந்தது.

ஒன்று என்று போட்டிருந்தால் பிள்ளை கோபத்தில் போட்டுவிட்டாள் என்று என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆறு என்பது யோசித்துப் போட்ட எண். நான் அவளுக்கு அந்த அளவுகூட யோசிக்கவில்லை.