கமிஷன் யாருக்கு

கமிஷன் என்ற வார்த்தையைக் கேட்காமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை. இளநீர் லோடு ஏற்றுவது என் வேலை. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் நல்லேப்பிள்ளிப் பக்கத்துத் தோப்புகளில் வெட்டி இறக்கிய குலைகளைச் சுமந்து வந்து லாரியில் அடுக்குவோம். தோப்புக்காரருக்கும் வியாபாரிக்கும் நடுவில் ஒருவர் நிற்பார். மரம் ஏற மாட்டார், குலை தூக்க மாட்டார், இரண்டு பக்கமும் பார்த்துச் சிரிப்பார். அவர்தான் கமிஷன்காரர். காய்க்கு இவ்வளவு என்று அவர் எடுத்தது போக மிச்சம்தான் மற்றவர்களுக்கு. அதனால் அந்த வார்த்தை காதில் விழுந்தாலே, யாரோ நம்மிடமிருந்து எதையோ எடுக்கப் போகிறார்கள் என்று மனசு சொல்லிவிடும்.

அந்த வார்த்தையை என் மகள் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

அவள் பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங் படிக்க ஆசை. எங்கள் நிலைமையில் தனியார் காலேஜை வெளியில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

"பட்டாளத்து ஆஸ்பத்திரியிலயே நர்சிங் காலேஜ் இருக்குதுப்பா. பரீட்சையும் இன்டர்வியூவும் பாஸாகோணும். பாஸாயிட்டா பீஸ் இல்ல. தங்கறது, சோறு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. மாசாமாசம் கைச்செலவுக்கும் தருவாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான். படிச்சு முடிச்சா கமிஷனும் கெடைக்கும்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

ரசத்தில் இருந்த என் கை அப்படியே நின்றது.

அதற்குக் காரணம் உண்டு. என் மனைவியின் அண்ணன் மகளை இப்படித்தான் ஒருவர் வந்து வேறு மாநிலத்து நர்சிங் காலேஜில் சேர்த்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். ஸ்காலர்ஷிப் என்றார். மச்சான் வீட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார். சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அடுத்த வருஷத்துக்குப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கும் கமிஷன், சேர்க்காவிட்டால் ஸ்காலர்ஷிப் கிடையாது. அவளால் யாரையும் கூட்டிப்போக முடியவில்லை. வந்துவிடுகிறேன் என்றாள். சர்டிபிகேட்டுகளைத் தரவில்லை. மச்சான் போய்ப் போய்க் கால் தேய்ந்ததுதான் மிச்சம். இப்போது அவள் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள்.

ஆகவே என் மகள் சொன்னது எனக்குத் தெளிவாகவே புரிந்தது. இவளையும் ஆள் பிடிக்க வைக்கப் போகிறார்கள்.

"உனக்கு இத ஆரு சொன்னது?"

ஊருக்குத் திரும்பியிருந்த பட்டாளத்துக்காரர்தான் என்றாள். அவருக்கு என் வயதுதான் இருக்கும். ரிட்டயராகி வந்து ரேஷன் கடைக்குப் பின்னால் வீடு கட்டியிருந்தார். காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதி, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது போக நினைக்கிற பையன்களை ஓடவிடுவார்.

"அவருக்கு இதுல என்ன?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாம ஆராச்சும் விடியக்காலம் எந்திரிச்சு விசில் ஊதுவாங்களா?"

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் நாலு பேர் முன்னால் பேசுகிற ஆள் இல்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்களிடம் பேசும்போது வார்த்தை வருவதற்குள் அவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள். அதனால் கேட்பதை விட்டுவிட்டுக் கவனித்தேன். பட்டாளத்துக்காரர் புது ஸ்கூட்டர் வாங்கினார். கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். பென்ஷன் வருகிறவர்தான். இருந்தாலும் அதையெல்லாம் மனசில் குறித்துக்கொண்டேன். ஒருநாள் அந்த வழியாகப் போகும்போது கேட்டுக்கு வந்து கூப்பிட்டார்.

"வாங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்."

"இப்பத்தானுங்க குடிச்சேன்."

குடித்திருக்கவில்லை. கமிஷன்காரர் டீயைக் குடித்துவிட்டால் பிறகு அவரிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. தோப்பில் பார்த்துப் பழகிய விஷயம்.

இதற்கிடையில் மகள் பரீட்சையில் தேறினாள். நேர்முகத்துக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் டெல்லிக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவும் மகளும் போய் வந்தார்கள். அதிலும் தேறிவிட்டாள். வீட்டில் பாயசம் வைத்தார்கள். நானும் குடித்தேன். ஒவ்வொரு படியிலும் அவள் தேறத் தேற, வலை இறுகுகிறது என்றே எனக்குப் பட்டது.

அப்புறம் பாண்டு என்ற உறுதிப்பத்திரம் வந்தது. படிப்பு முடிந்ததும் பட்டாளத்து ஆஸ்பத்திரிகளில் இத்தனை வருஷம் வேலை செய்வேன் என்று அவள் எழுதித் தர வேண்டும். அதற்கு ஜாமீனாக நான் கையெழுத்துப் போட வேண்டும். சேரும் நாளில் அது இல்லாவிட்டால் சீட்டு அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

கமிஷனும் உண்டு, பாண்டும் உண்டு என்றால் ஒரு மனுஷன் சந்தேகப்பட வேறென்ன வேண்டும்? முத்திரைத்தாளை சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். அது அங்கேயே இருந்தது.

மனைவி பொறுத்துப் பார்த்தாள். கிளம்ப வேண்டிய வாரமும் வந்துவிட்டது.

"ஏனுங்க, போடறதுன்னா போடுங்க. இல்லீன்னா கஞ்சிக்கோட்டுக் கம்பெனி வண்டிக்காரன்கிட்டச் சொல்லிரலாம். அண்ணன் புள்ள பக்கத்துலயே நம்ம புள்ளைக்கும் ஒரு சீட்டுப் புடிச்சு வெக்கட்டும்."

நான் சாமி படத்தையே பார்த்தேன்.

"இப்படி வாயத் தொறக்காம இருக்கறதுக்கு உங்களுக்கு ஆரு கமிஷன் குடுக்கறாங்கன்னுதான் எனக்குத் தெரியல."

மகள் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். வழக்கமாகப் பாட்டுப் பாடிக்கொண்டே கழுவுகிறவள். அன்றைக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனேன். பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்துக்காரர் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கொஞ்ச நேரம் நானும் பையன்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க, இந்த நேரத்துல?" என்றார்.

"ஒண்ணு கேக்கோணுங்க. தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க."

"இதுல உங்களுக்கு எவ்வளவு கமிஷனுங்க?"

கோபப்படுவார் என்று எதிர்பார்த்து ஒரு அடி பின்னால்கூடப் போய்விட்டேன். அவர் முகம் வாடிப்போனது. கழுத்தில் தொங்கிய விசிலை விரலால் உருட்டினார்.

"எனக்குக் கெடைக்கலீங்க. ரெண்டு தடவ போனேன். இன்டர்வியூவுல வேண்டாம்னுட்டாங்க. அப்பறம் வயசும் போயிருச்சு."

ஆக, ஆள் இதில் இருக்கிறார். பங்குதான் கிடைக்கவில்லை. என் சந்தேகம் சரி என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

"இப்ப புள்ளைங்கள அனுப்பறீங்களே, அதுக்காச்சும் குடுப்பாங்களா?"

"எதைங்க?"

"கமிஷனத்தானுங்க."

என்னையே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஓடிக்கொண்டிருந்த பையன்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, நீங்க இளநிக் கமிஷனச் சொல்றீங்களா!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். பட்டாளத்தில் கமிஷன் என்றால் ஆபீசராக்குவது. தோளில் நட்சத்திரம் வைப்பார்கள். "நான் அத்தன வருஷம் ஓடியும் எனக்கு வராதது, உங்க புள்ளைக்குப் படிச்சு முடிச்ச கையோட வந்துரும். அப்பறம் யூனிபாரத்துல அவளப் பாத்தா நாந்தான் சல்யூட் அடிக்கோணும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பையன்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் ஒருவர் சிரித்துவிட்டார் என்பதற்காகச் சந்தேகம் போய்விடாது. சிரிக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

"அப்ப பாண்டுங்க?"

அவர் சிரிப்பு நின்றது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அது நெசந்தானுங்க. பாதியில வேண்டாம்னு வந்தா, அவங்க பண்ணுன செலவத் திருப்பிக் கட்டோணும். எங்க போடறாங்களோ அங்க போகோணும், பனி பெய்யற எடமா இருந்தாலும். தீவாளிக்கு வருவாளான்னு கேட்டா என்னால சொல்ல முடியாது. சண்டை கிண்டை வந்தா நாமெல்லாம் டிவியில பாப்போம், அவ அந்த ஆஸ்பத்திரியில நிப்பா. எல்லாத்தையும் யோசிச்சுக்குங்க. போடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

எந்தக் கமிஷன்காரரும் 'நான் சொல்ல மாட்டேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பட்டுப்போன தென்னையைக் காட்டிக்கூட இளநீர் பன்னீராக இனிக்கும் என்பார்கள். மச்சான் வீட்டுக்கு வந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு கெட்ட விஷயத்தையாவது சொல்லியிருந்தாரா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

அன்றைக்கு அவர் வீட்டில் டீ குடித்தேன். சர்க்கரை அதிகம். வீட்டுக்கு வந்து முத்திரைத்தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

மகளைச் சேர்க்க நானே போனேன். வாசலில் துப்பாக்கியோடு காவல். உள்ளே பெண்பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எங்கள் முறை வந்தபோது மேஜைக்குப் பின்னால் இருந்தவர் இந்தியில் ஏதோ சொல்லிக் கையை நீட்டினார்.

"ஒரிஜினல் சர்டிபிகேட் கேக்கறாருப்பா."

பிளாஸ்டிக் பைல் என் கையில் இருந்தது. நீட்டினேன். அவர் பிடித்தார். ஆனால் என் விரல்கள் விடவில்லை. மச்சான் பெண்ணின் சர்டிபிகேட்டுகள் இன்னமும் யாருடைய பீரோவிலோ கிடக்கின்றன. அவர் இழுத்தார். நானும் இழுத்தேன்.

"அப்பா, விடுங்க," என்றாள் மகள் மெதுவாக. பின்னால் வரிசை முழுக்க எங்களைப் பார்த்தது. நாலு பேர் பார்த்தாலே தலை குனிகிறவன் நான். அன்றைக்கு என்னவோ குனியவில்லை.

யூனிபாரம் போட்ட ஒரு பெண் வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தே ஊர் தெரிந்திருக்க வேண்டும். என்ன அண்ணா, என்ன ஆச்சு என்று மலையாளத்தில் கேட்டார்.

"எந்தா சேட்டா, எந்து பற்றி?"

எனக்குத் தெரிந்த மலையாளத்தில், இது திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும், ஆனால் இன்றைக்கு இல்லை, சரிபார்க்கும் வரை இங்கேதான் இருக்கும், ரசீது தருவார்கள் என்றார். இப்போதே தருகிறோம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அவர் தோளைப் பார்த்தேன். நட்சத்திரம் இருந்தது.

"கமிஷன் கிட்டியதாணோ?" கமிஷன் கிடைத்தவர்தானா என்று கேட்டேன்.

"அதே," என்று அவர் தலையாட்டிச் சிரித்தார்.

பைலை விட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போனில் கூப்பிடுவாள். சோறு, குளிர், பாடம் எல்லாம் அவள் அம்மா கேட்டு முடித்த பிறகு போன் என்னிடம் வரும். நான் கேட்பது ஒன்றுதான்.

"அடுத்த வருஷத்துக்கு ஆரையாச்சும் கூட்டிட்டு வரச் சொன்னாங்களா, கண்ணு?"

"இல்லப்பா. சொல்ல மாட்டாங்க."

"செரி. சொன்னாச் சொல்லு."