மரண அறிவித்தலில் ஒரு பெயர்

கனடாவின் மல்வேர்னில் எங்கள் பக்கத்து வீட்டு ரதி அக்கா லண்டனைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அங்கே யார் பெற்றோல் நிலையம் வைத்திருக்கிறார், எந்தக் கோயிலுக்கு யார் செயலாளர், எந்தச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் யாரோடு யார் முகம்கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு தமிழ் இணையத்தளத்துக்கு மரண அறிவித்தல் எழுதுவது அவர் வேலை. பதினொரு வருடமாகக் குசினி மேசைதான் அலுவலகம்.

அறிவித்தலில் பெயர் வரிசை லேசான சங்கதி இல்லை. ஒரு மருமகன் ஓரிடம் கீழே இறங்கினால் இரண்டு வருடம் பேச்சு நின்றுவிடும். அதனால் கணவன் இறந்தால், முன்பு மனைவிக்குப் போட்ட அறிவித்தலை எடுத்து அதன்மேலேயே திருத்துவார் ரதி அக்கா. வரிசை பிசகாது.

போன மாசி மாதம் ஒரு வியாழன் காலை, லண்டன் குரொய்டனில் பெற்றோல் நிலையம் நடத்திய இரத்தினவேலுக்கும் அப்படித்தான் செய்தார். மனைவியின் பழைய அறிவித்தலில் பிள்ளைகள் ராகுலன், மயூரி என்று இருந்தது. மகன் ராகுலன் இப்போது அனுப்பிய பட்டியலில் மயூரி இல்லை. ரதி அக்கா அதைக் கவனிக்கவில்லை. பத்து மணிக்கு அறிவித்தல் வெளியானது.

பத்தே காலுக்கு ராகுலன் லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்தான்.

"அன்ரி, ஆர் உங்களை மயூரியின்ர பேரைப் போடச் சொன்னது? அவள் அந்த முஸ்லிம் பெடியன் சுபியானைக் கட்டின அண்டைக்கே எங்களுக்கு இல்லை. பத்து நிமிசத்தில எடுங்கோ. இல்லாட்டி உங்கட முதலாளியோட கதைப்பன்."

பிழை தன்னுடையது. இந்த ஒரு வேலையில்தான் வீடு ஓடுகிறது.  ரதி அக்கா பெயரை அழிக்கப் பக்கத்தைத் திறந்தபோது கைபேசி மறுபடி அடித்தது. பக்கத்து ஊரான விட்பியிலிருந்து ஒரு பெண்.

"அன்ரி, நான் மயூரி. அப்பா செத்தது உங்கட அறிவித்தலைப் பார்த்துத்தான் தெரியும். ஒருத்தரும் சொல்லேல்லை. ஆனா என்ர பேரும் கிடக்கு. அப்ப அண்ணா என்னை வரச் சொல்லுறார் தானே? டிக்கெட் போடப்போறன்."

ரதி அக்கா பொய் சொல்லியிருக்கலாம். நானென்றால் சொல்லியிருப்பேன்.

"இல்லைப் பிள்ளை. அண்ணா உம்மட பேரைத் தரேல்லை. நான் பழசைப் பார்த்துப் போட்டது. என்ர பிழை."



"எடுத்திட்டீங்களோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப விடுங்கோ அன்ரி. செத்தவீட்டு வாசலில மறிச்சால் காட்டுறதுக்கு எனக்கு வேற ஒண்டும் இல்லை."

பத்து நிமிடம் கடந்துவிட்டது. ராகுலன் திரும்ப எடுத்தான். ரதி அக்காவுக்கு இப்போது பயத்தைவிடக் கோபம்தான் கூட.

"தம்பி, அவள் உங்கட அப்பா பெத்த பிள்ளை. உந்தப் பேரை எடுக்கிறதெண்டால் அவர்தான் எனக்குச் சொல்லவேணும்."

பின்னேரம் முதலாளி மயூரியின் பெயரை எடுத்தார். ரதி அக்காவையும் வேலையிலிருந்து நிறுத்தினார். அதற்கு முன்பே ரதி அக்கா பெயர் இருந்த அந்தப் பக்கத்தை அச்சடித்து, இரண்டு பஸ் மாறி விமான நிலையத்துக்குப் போய், மயூரியின் கையில் கொடுத்துவிட்டார்.