வாய் மூடாத வண்டி

பிள்ளையார் கோயில் முனை வந்ததும் துலுக்கானம் இஞ்சினை நிறுத்திவிடுவார். ஏரிக்கரையிலிருந்து படபடவென்று முழங்கிக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிள் ஒரு தும்மலோடு அடங்கும். இறங்குவார். செருப்பைக் கழற்றிப் பின்னால் தொங்கும் சாக்குப் பையில் செருகுவார். முண்டாசை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொள்வார். பிறகு அந்த இரும்பு மூட்டையை எங்கள் தெரு நெடுகத் தள்ளிக்கொண்டு போவார். கடைசி வீடு தாண்டியதும் செருப்பு காலுக்கு வரும், முண்டாசு தலைக்கு ஏறும். வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். ஓடுகிற ஓட்டத்தில் தாவி ஏறுவார். முதல் ஓட்டத்திலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டால் அவருக்கு நல்ல நாள். பிடிக்காவிட்டால் மறுபடியும் ஓட்டம்தான்.

கொரட்டூர் ஏரிக்கு மேற்கே இருக்கிற ஊர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பெயரை எழுத மாட்டேன். எனக்கு இன்னும் இங்கே குடியிருக்க வேண்டும்.

துலுக்கானம் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவர். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். புருவம் இருக்க வேண்டிய இடத்தில் கருகிய கோடு ஒன்று இருக்கிறது. 'அவர்' என்று நான் எழுதுவதைப் பார்த்து எங்கள் தெருவில் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டுமே, காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குகிற ஜாதி இல்லை அவர்கள்!

அந்த வண்டியை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. சக்கரங்களும், நெருப்புப் பொறி கொடுக்கிற மாக்னெட்டோவும் மூர் மார்க்கெட்டில் பிடித்தவை. சிலிண்டர், வானகரத்துத் தோட்டம் ஒன்றில் தண்ணீர் இறைத்து ஓய்ந்துபோன சின்ன இஞ்சினுடையது. உடம்பு தண்ணீர்க் குழாய். மற்றபடி உள்ளே சுழல்கிற அச்சு, பிஸ்டனைப் பிடித்து ஆட்டுகிற தண்டு, மூடித் திறக்கிற வால்வு எல்லாமே காயலான் கடை இரும்பை வாங்கி வந்து அவர் வீட்டுக் கொல்லையில் காய்ச்சி அடித்தவை. மசகுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுகிறார். அதனால் வண்டி வருகிறபோது கருகின விளக்கெண்ணெய் வாசனை முன்னால் வரும். எங்கள் தெருக் குழந்தைகள் பேதிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து உள்ளே ஓடி ஒளியும்.

"கொரட்டூரில் ரயில் நிற்கிறதே, அதில் போனால் என்ன?" என்று ஒரு நாள் கேட்டேன். நான் அதில்தான் தினம் பட்டணத்து ஆபீசுக்குப் போகிறேன்.

"ரயிலு அவங்க வுட்டா போவும் சாமி. இது நான் வுட்டா போவும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். கொல்லையில் ஒரு தென்னை ஓலைச் சாய்ப்பு. அதன் கீழே கரியடுப்பு. பட்டறைக்கல்லுக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டு. துருத்தி போடுகிறவர் அவர் மனைவி பொன்னியம்மா. ஒரு கையால் துருத்தி, இன்னொரு கையால் முறத்தில் கிடக்கிற பருப்பில் கல் பொறுக்குவார். துலுக்கானம் நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் நிறம் சொல்லிக்கொண்டே இருப்பார். "செம்பருத்தி... செம்பருத்தி... மாம்பயம் வருது... ஊது பொன்னி, ஊது... ஆங், போதும்!" குறடு உள்ளே போகும், இரும்பு வெளியே வரும். அதன் பிறகு அங்கே பேச்சுக்கு இடமில்லை.

அடித்து ஆறிய சாமானைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்பார்கள். கணீரென்றால் நல்ல இரும்பு. மந்தமாகக் கேட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. இந்த வித்தையைப் பட்டறையில் கற்றுக்கொண்டாரா என்று கேட்டேன். மனிதர் கொஞ்சம் நெளிந்தார். பொன்னியம்மாதான் சொன்னார்: "இன்னா பட்டறை? சட்டி வாங்கசொல்லோ நான் தட்டிப் பாத்துத்தானே வாங்குறேன்? அத்தப் பாத்துட்டு இவுரும் இரும்ப தட்ட ஆரம்பிச்சாரு."

இந்த வண்டி முதன்முதலாக ஓடிய அன்று துலுக்கானம் சந்தோஷத்தில் தன்னை மறந்து தெருவுக்குள் ஏறி வந்துவிட்டார். பெரிய வீட்டுச் செங்கல்வராயன் வாசலில் நின்றிருந்தார். ஏரிப் பாசனத்தில் பாதிக் கழனி அவருடையது. தெருவில் எது செல்லும், எது செல்லாது என்பதும் அவர் வாக்குதான். அப்போது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"இன்னாடா அது?"

"மோட்டார் சைக்கிளு ஆண்டே. நானே அடிச்சது."

"மோட்டாரோ கீட்டாரோ, ரெண்டு சக்கரந்தானே? இந்தத் தெருவுல உங்க ஆளுங்க சைக்கிளு எப்டி வரும்? எறங்கித் தள்ளிக்கினுதானே வரும்? இதுவும் அப்டித்தான் வரணும். ஏறிக்கினு வந்தே, வண்டி ஏரியில கெடக்கும். உன் மச்சான் வேம்புலி என் கழனியிலதான் கீறான். நெனப்பு வெச்சுக்கோ."

"சரி ஆண்டே" என்று இறங்கினார். இறங்கியதும் இஞ்சின் நின்றுவிட்டது. நிற்காமல் என்ன செய்யும்? இஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்கு நேராக ஒரு தோல் வார் போகிறது. இஞ்சின் ஓடினால் சக்கரம் ஓடியே தீரும். நடக்கிற வேகத்துக்குச் சக்கரத்தை இழுத்துப் பிடித்தால் இஞ்சின் மூச்சை விட்டுவிடும். அன்று துலுக்கானம் தலையைக் குனிந்துகொண்டு தள்ளிப் போனார். பத்திரிகைகளில் ஆலயப் பிரவேசம் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுகிறோம். எங்கள் தெருவில் சைக்கிள் பிரவேசமே இன்னும் ஆகவில்லை.

ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி உண்டு. மழைக்காலத்தில் சேறு, மற்றபடி போகலாம். பொன்னியம்மா நாள் தவறாமல் அதைத்தான் சொல்வார். "தம்பி பொழப்புல மண்ணு வியுந்துடும்யா. சுத்திக்கினு போனா காலு தேஞ்சா பூடும்?" என்பார். அவர் பயத்தில் தப்பே இல்லை. அவர் தம்பி வேம்புலிக்கு மூன்று பெண்கள். கழனி வேலை போனால் ஊரைவிட்டுத்தான் போக வேண்டும்.

துலுக்கானம் அதற்குச் சொன்ன பதிலை நானே கேட்டேன்.

"நான் ஏறிக்கினு போவணும்னு கேக்கலயே பொன்னி? எறங்கியே போறேன், அது பயக்கந்தான். எங்கப்பன் எறங்கினான், நானும் எறங்குறேன். ஆனா அது இன்னா பாவம் பண்ணுச்சு? நெருப்புல பெத்து எடுத்தோம் ரெண்டு பேரும். அந்தத் தெருவுல மட்டும் அது வாய மூடிக்கினு போவக்கூடாது. அவ்ளோதான்."

அதற்காக அவர் கண்டுபிடித்த உபாயம் ஒரு கிளச்சு. பட்டறையில் பெரிய யந்திரம் ஒன்றில் பார்த்தாராம். பல் வைத்த இரண்டு இரும்பு வில்லைகள். பல்லோடு பல் கோத்துக்கொண்டால் சக்கரம் ஓடும். ஒரு நெம்பு கம்பியை இழுத்தால் வில்லைகள் விலகிக்கொள்ளும். அப்போது இஞ்சின் தன்பாட்டுக்கு முழங்கிக்கொண்டிருக்கும். சக்கரத்தைக் கையால் தள்ளிக்கொண்டு போகலாம். சொல்லிவிட்டார், அடிக்க வேண்டுமே! பல்லைச் சம்மட்டியில் எடுப்பது லேசான காரியமா?

ஒரு வில்லை எப்படியோ தேறிவிட்டது; அதன் ஜோடிதான் பாடாய்ப் படுத்தியது. முதலாவதைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினார். டிக்கென்று ஒரு சத்தம். குறுக்கே விரிசல். இரண்டாவது என்னால் கெட்டது. நான் ஏதோ ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நிமிஷம் என் பக்கம் திரும்பினார். அதற்குள் இரும்பு மத்தாப்பாகப் பொரிந்துவிட்டது. "உங்களாண்ட பேசிக்கினு இருந்தா இரும்புகூட வெந்துபூடுது சாமி" என்று சிரித்தார். அடுத்த மூன்று வாரம் நான் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

மூன்றாவதைத் தண்ணீரில் போடாமல் விளக்கெண்ணெயில் முக்கியிருக்கிறார். பார்க்க லட்டு மாதிரி வந்திருக்கிறது. பொன்னியம்மா தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருக்கிறார்.

"இது ஒயுகும்யா."

"சக்கரத்துல இன்னாடி ஒயுகுறது? சும்மா கெட."

மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஏரிக்கரையில் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கத்திலேயே பல் தெறித்துவிட்டது. அன்று பெரம்பூர் வரைக்கும் நடைதான். திரும்பி வந்த பிறகு பெண்டாட்டியோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம். கோபத்தில் இல்லை, வெட்கத்தில்.

நான்காவது வில்லை அடித்த அன்று நான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை, எனக்கும் புத்தி வந்திருந்தது. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட துலுக்கானம் சுத்தியைத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. பொன்னியம்மாவிடம் நீட்டினார். பொன்னியம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு தட்டினார். கோயில் மணி கெட்டது போங்கள், அப்படி ஒரு நாதம்.  பொன்னியம்மா முகத்தில் சந்தோஷமும் கிலியும் ஒன்றாக வந்தன. நல்ல வில்லை என்றால் வண்டி தெருவுக்குள் முழங்கிக்கொண்டு போகும். போனால் தம்பி பிழைப்பு என்ன ஆகுமோ? வெடிப்பு என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பித்திருக்கலாம். பொன்னியம்மா சொன்னால் துலுக்கானமும் இப்போது நம்பாமல் இருக்க மாட்டார்.

"கெட்டியா கீது" என்றார் பொன்னியம்மா. "எனுக்கு பயமாத்தான் கீது. அதுக்காவ நல்ல சாமான சொத்தைன்னு சொல்ல முடியுமா? கொண்டும்போய் மாட்டு."

சென்ற திங்கட்கிழமை காலை. நான் வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஏரிக்கரைப் பக்கம் சத்தம் கேட்டது. பிள்ளையார் கோயிலை நெருங்கியது. இதோ தும்மும், இதோ அடங்கும் என்று பழக்கதோஷத்தில் காத்திருந்தேன். அடங்கவில்லை. தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது.

அடேயப்பா, எத்தனை கதவுகள் திறந்தன! கோழிகள் கூரை ஏறின. எதிர்வீட்டில் கறந்துகொண்டிருந்த பசு செம்பை உதைத்துத் தள்ளியது. பெரிய வீட்டிலிருந்து செங்கல்வராயன் வாயில் வேப்பங்குச்சியோடு பாய்ந்து வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள், கையில் தடி.  தெரு முனையில் பொன்னியம்மா புல்லுக் கூடையோடு நின்றிருந்தார். ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது.

வந்தவர்கள் மூவரும் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார்கள். ஏனென்றால் துலுக்கானம் வண்டியின்மேல் இல்லை. வெறுங்கால், வெறுந்தலை, இடுப்பில் துண்டு. இறங்கி, நடந்து, என்றும்போல் தள்ளிக்கொண்டுதான் வந்தார். எதில் குறை சொல்வது? தடி வைத்திருந்தவர்கள் செங்கல்வராயன் முகத்தைப் பார்த்தார்கள். இஞ்சின் மட்டும் தன்பாட்டுக்கு ஒவ்வொரு வாசலிலும் முழங்கிக்கொண்டு வந்தது.

பெரிய வீட்டு வாசலில் துலுக்கானம் நின்றார்; இஞ்சின் நிற்கவில்லை. செங்கல்வராயன் வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டுக் கத்த ஆரம்பித்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கை நீண்டது, வாய் திறந்து திறந்து மூடியது. குரல் எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்காது.

ஆண்டை சொல்வது காதில் விழவில்லையே என்று துலுக்கானம் மிகவும் பணிவாக இடுப்பை வளைத்து, தலையைச் சாய்த்து, அவர் பக்கம் காதைக் கொடுத்தார். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற பிடி அவருடைய வலது கையில் இருந்தது. அதை அவர் இன்னும் கொஞ்சம் கூட்டினார்.