பதினான்கு முடிச்சு

அலமாரியைத் துடைத்த மகளின் கையில் தீப்பெட்டி அளவு மெமரி கார்டு ஒன்று அகப்பட்டது. "அம்மா, சின்னதுல டிவியில வெளையாடுவனே, அந்த ஆட்டம் இதுக்குள்ள அப்படியே இருக்குது. சொருகுனா உட்ட எடத்துலருந்தே ஆடலாம். ஆட்டப் பெட்டியத்தான் நீ பழைய இரும்புக்குப் போட்டுட்டியே!" என்று சிரித்தாள்.

அதைக் கையில் வாங்கியதும் எனக்கு ஏரிக்கரைப் பாறை நினைவுக்கு வந்தது. யாரோ எந்தக் காலத்திலோ அதில் செதுக்கிவைத்த பதினான்கு குழிகளில், வெயிலில் காய்ந்த கல் தொடையில் சுட உட்கார்ந்து, நானும் என்னோடு ஆடு மேய்க்க வரும் பாவாயியும் புளியங்கொட்டை போட்டுப் பல்லாங்குழி ஆடுவோம். ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பும் நேரமானால், பாதி ஆட்டத்தைக் கலைக்க மனம் வராமல், ஒவ்வொரு குழியின் கொட்டைகளையும் நீளத் துணிக்கிழிசலில் வரிசையாக முடிந்து, காலிக் குழிக்கு வெறும் முடிச்சுப் போட்டு, மறுநாள் அவிழ்த்து அப்படியே நிரப்புவோம். துணி என்னிடம்தான் இருக்கும். "வறுத்துத் தின்னுபோடாத புள்ள" என்பாள் பாவாயி.

ஒருநாள் அவள் வீட்டார் செங்கல் சூளை வேலைக்குப் போனார்கள், திரும்பவேயில்லை. பாறையையும் ஜல்லிக்கு உடைத்துவிட்டார்கள்.

மகளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. துணி இன்னும் என் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது, ஒரு முடிச்சும் அவிழ்க்கவில்லை. அடுத்து ஆட வேண்டியவள் பாவாயி.