முப்பத்தோராவது மாடி விளக்கு

வெளியூர்க்காரன் ஒருவன் கையில் சிக்கிவிட்டால் என் மச்சான் எமில் வாஸ்கோவுக்குத் தலைகால் புரியாது. பிட்ஸ்பர்க்குக்கு வரும் வழியில், மலைச் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்ததும் "கண்ண மூடு" என்பார். சுரங்கம் முடிந்து பாலத்தில் ஏறியதும் "இப்பத் தொற" என்பார். ஆற்றங்கரையில் உயர உயரமாகக் கட்டடங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். "மூணு லட்சம் பேருதான்யா நாங்க. எங்களுக்கு இத்தன!" என்பார், எல்லாவற்றையும் தானே கட்டியது மாதிரி.

அவருடைய தங்கை பாலெட்டைக் கட்டிக்கொண்டு சிகாகோவிலிருந்து வந்தவன் நான். எனக்கு இந்தப் பெருமையைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

"உங்க ஊருக்கு ஒடம்பு எளச்சுப் போச்சு, சட்ட மட்டும் பெருசா தொங்குது மச்சான்."

"உங்க ஊர்ல நூறு கட்டடம் காணாமப் போனாலும் எவனுக்கும் தெரியாது. எங்க ஊர்ல ஒரு பல்பு போனா ஊரே கேக்கும், போடா."

அவர் அப்பா வேலை பார்த்த இரும்பாலை மூடியபோது ஊரில் பாதி மூட்டை கட்டியது. பத்தொன்பது வயது எமில் மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கட்டடங்களின் மேலே ஏறினார். ஐம்பத்தெட்டு வயதிலும் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக அவரோடு ஒரே தொட்டிலில் நிற்பவன் நான். மொட்டைமாடியிலிருந்து இரண்டு இரும்புக் கயிற்றில் தொங்கும் நீளமான கூண்டு அது.

அந்த நவம்பர் மாலை நான்கரை மணிக்கு முப்பத்துநாலாவது மாடியில் இருந்தோம். குளிரில் வாக்கிடாக்கி செத்துப்போயிருந்தது. கீழே நிற்க வேண்டிய ஆள் காய்ச்சல் என்று மதியமே போய்விட்டான். அப்போதே இறங்கியிருக்க வேண்டும். இன்னும் ஒரு வரிசைதானே என்றார் எமில். நானும் தலையாட்டினேன்.

ஆற்றுப் பக்கமிருந்து காற்று ஒரு அடி அடித்தது. தொட்டில் சுவரில் மோதித் திரும்பியதில் மின்கம்பி எதிலோ மாட்டி அறுந்தது. மோட்டார் நின்றது. இனிக் கைப்பிடியை அழுத்திக் கீழே இறக்கலாம், ஏற்ற முடியாது. கைபேசிகள் விதிப்படி கீழே வண்டியில் கிடந்தன.

மூன்று மாடி கீழே பளிச்சென்று விளக்கு எரிந்தது.

"முப்பத்தொண்ணு. அங்க ஆளு இருக்கு மாப்ள. ஏப்ரல்ல ஒரு பொம்பள கேக்கு வெட்டிட்டு நமக்குக் கை காட்டல?"

அங்குலம் அங்குலமாக இறங்கினோம். முப்பத்தொன்றுக்கு நேரே வந்ததும் வலது பக்கக் கயிற்றின் பூட்டு இறுகிக்கொண்டது. மேலும் இல்லை, கீழும் இல்லை. எமில் கண்ணாடியில் ஓங்கித் தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்தினார்.

உள்ளே ஒருவரும் இல்லை. நாற்காலி இல்லை, மேசை இல்லை. கிழித்த தரைவிரிப்பு சுருண்டு கிடந்தது. நாற்பது விளக்குகள் வெறுந்தரைக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தன. காலியான மாடிகளிலும் இருட்டத் தொடங்கியதும் தானாகவே விளக்கு எரியும், தூரத்திலிருந்து பார்க்க ஊர் நிறைவாகத் தெரிய வேண்டும் என்று. எமிலுக்கு அது தெரியும். தெரிந்தும் அவசரத்தில் அந்த வெளிச்சத்தை நம்பிவிட்டார்.

அடுத்த காற்றில் தொட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. வாளி வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. விழுந்த சத்தம் மேலே வரவே இல்லை. இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டியிருந்தும் பயத்தில் வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"யாருமே இல்லாத ஊருக்கு எதுக்குய்யா இவ்ளோ கட்டடம்? பொம்மைக்கு அலங்காரம் பண்ணி வச்சிருக்கீங்க! பாலெட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

எமில் ஆற்றுக்கு அக்கரையில் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மலை விளிம்பில் தினமும் சாயங்காலம் ஒரு கூட்டம் ஊரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எங்கள் வீடும் அந்தச் சரிவில்தான்.

"அந்தத் தார்ப்பாய எடு."

"கூத்தாடுற நேரமா இது? காத்து நம்மளத் தூக்கிட்டுப் போயிரும்."

"எடுடான்னா!"

கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பிடிகளால் தொட்டிலில் மடித்து வைத்திருந்த கறுப்புத் தார்ப்பாயை ஐந்து கண்ணாடிகளின் மேல் அழுத்தினோம். எடுத்தோம். மறுபடி அழுத்தினோம். ஒவ்வொரு முறையும் தார்ப்பாய் உப்பி எங்களை வெளியே இழுத்தது. விரல்கள் மரத்துப்போயின. எமிலின் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. "மூடு... தொற... மூடு..." என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அரைமணி நேரம். பிறகு என் கை எழும்பவில்லை.

"முடியல மச்சான்."

"இன்னும் ஒருவாட்டி. மூடு."

மூடினோம். திறந்தபோது உள்ளே ஏணியும் குழல்விளக்குமாக ஹோரஸ் நின்றிருந்தார். கட்டடத்தில் பல்பு மாற்றுகிறவர். எங்களைப் பார்த்ததும் குழல்விளக்கு கைநழுவி விழுந்து நொறுங்கியது.

தீயணைப்புக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றி எங்களை உள்ளே இழுத்துப் போட்டார்கள். அந்தக் கிழிந்த தரைவிரிப்பில் குப்புறக் கிடந்தேன். ஹோரஸ் புலம்பிக்கொண்டிருந்தார்.

"பதினோரு போனுய்யா! ஒருத்தராவது ஆளு தொங்குதுன்னு சொன்னாங்களா? முப்பத்தொண்ணுல லைட்டு விட்டு விட்டு எரியுது, ஊரோட அழகே கெட்டுப்போச்சுன்னு ஒரே ஏச்சு. அதுல ஒரு பொம்பள மூணுவாட்டி கூப்ட்டுச்சு. எம்புருசன் சிகாகோக்காரன், இதப் பாத்தா கேலி பண்ணியே கொன்னுருவான், அவன் வீட்டுக்கு வர்றதுக்குள்ள மாத்துய்யான்னு."

எமில் என்னைப் பார்த்தார். நகம் பிய்ந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சிகாகோவா இருந்திருந்தா, மச்சான்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை, அழுகை வந்துவிட்டது.