நட்சத்திரம் இருந்த இடத்தில் தாளாளர்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே பேனர் கடை வைத்திருந்த அவரிடம் நான் பெயர் கேட்டதே இல்லை. ஒடிசலான உடம்பு, எதற்கும் அசையாத முகம். யார் படத்தைக் கொடுத்தாலும் முதல் வேலையாகப் பின்னணியை அழித்துவிடுவார். மணமக்கள், மறைந்தவர்கள், வட்டச் செயலாளர் எல்லோரும் அவர் கணினியில் அந்தரத்தில்தான் நிற்பார்கள்.

எங்கள் கல்லூரியின் வானியல் கருத்தரங்குக்காக, மலைமேல் உள்ள தொலைநோக்கியில் நான் எடுத்த கோள் நெபுலா என்கிற ஒளி வளையத்தின் அகச்சிவப்புப் படத்தையும், ஓரத்தில் போட எங்கள் தாளாளரின் படத்தையும் கொடுத்தேன். தரையிலிருந்து எடுத்தால் வானத்தின் வெப்பமும் சேர்ந்து பதிவாகும், அதைக் கழித்தால்தான் இந்த வளையம் தெரியும் என்று விளக்கினேன்.

"அப்ப நீங்களும் நம்ம தொழில்தான் சார். நடுவுல இன்னா புள்ளி?"

"அதான் நட்சத்திரம். உள்ள இருந்ததையெல்லாம் வெளிய ஊதித் தள்ளிட்டு செத்துக்கினு இருக்குது. அந்த வாயுதான் வளையம்."

கருத்தரங்கன்றுதான் பேனரைப் பார்த்தேன். வளையம் அப்படியே இருந்தது. நட்சத்திரம் இருந்த இடத்தில் எங்கள் தாளாளர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். நேரில் வந்தவரோ தன் தலையைச் சுற்றிய ஒளிவட்டத்தைக் கண்டு நெகிழ்ந்துபோனார்.

மாலையில் விழுப்புரம் பஸ் ஏறும் முன் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, உள்ள ஒண்ணும் இல்லாம ஊதிக்கினு இருக்கிறது நடுவுல இருக்கும்னு? பொருத்தமாத்தானே வச்சிக்கிறேன்."

முகம் அசையவில்லை. கேலியா, நிஜமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்த பேனர் இப்போது தாளாளர் அறையில் தொங்குகிறது. உள்ளே போனால் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொள்கிறேன். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்கிறார்.